பழைய ஐட்லர் டர்ன்டேபிள்: பாட்டு இழுக்குது, ஆர்ம் பாதியில நிக்குது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

தண்டையார்பேட்டை_33 கேட்டது:

வணக்கம். பழைய டர்ன்டேபிள் ஒண்ணை வீட்டுலயே பிரிச்சு ரெடி பண்ணலாம்னு இருக்கேன். மாடல் ஸ்டிக்கர் அழிஞ்சுபோச்சு. அடியில 'மேட் இன் இங்கிலாண்டு', '50 ஹெர்ட்ஸ்' இது ரெண்டுதான் படிக்க முடியுது. பெல்ட் கிடையாது. மோட்டார் தண்டுக்கும் பிளேட்டரோட (ரெக்கார்டு வைக்கிற சுழல்மேடை) உள்விளிம்புக்கும் நடுவுல ஒரு ரப்பர் சக்கரம், அதாவது ஐட்லர், இருக்கு. 33, 45, 78 மூணு ஸ்பீடு. பாட்டு முடிஞ்சா ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை) தானா எழும்பித் திரும்பி வரணும். மேலயும் கீழயும் எடுத்த படங்களைப் போட்டிருக்கேன்.

இப்போ இருக்குற நிலைமை:

ஆன் பண்ணதும் ரொம்ப ஸ்லோ. மொபைல் ஆப் வெச்சுப் பார்த்தா 31.6 காட்டுது. கால் மணி நேரம் ஓடி சூடானதும் 32.5 வரைக்கும் தேறுது.

பாட்டுக்குப் பின்னால 'டக் டக் டக்'னு ஒரே சீரா ஒரு சத்தம். (பக்கத்து வீட்டுலேர்ந்து ஆம்ப், பிக்கப் (ஊசி இருக்குற கார்ட்ரிட்ஜ்) இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தது.)

ஆர்ம் திரும்புறப்போ பாதியில நின்னுடுது, அதோட பிளேட்டரும் நின்னுடுது. கையால தள்ளிவிட்டா மிச்சத்தை முடிக்குது.

சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதும் மோட்டார் லேசா உறுமுது.

இதுலயே வந்த கார்ட்ரிட்ஜ்ல எல்பி, 78ன்னு திருப்பிப் போடுற லீவர் இருக்கு. அதுல சத்தமே வரல.

வீடு கடல்லேர்ந்து ரொம்பக் கிட்ட. ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. எல்லா கியருக்கும் மோட்டாருக்கும் தையல் மெஷின் ஆயில் விட்டா சரியாயிடுமா, இல்ல மோட்டாரையே மாத்தணுமா? என்கிட்ட இருக்குற ஆம்ப்ல ஆக்ஸ் மட்டும்தான். அதிகமா எல்பி, கொஞ்சம் 78ம் போடணும்.


வண்ணை_டெக்:

எண்ணெய் டப்பாவை எடுத்து அந்தப் பக்கம் வைங்க. மோட்டார் மாத்துற பேச்சே வேணாம்.

'சூடானா தேறுது'ன்னு சொன்னீங்க பாருங்க, விடை அதுலயே இருக்கு. காயில் போயிருந்தா சூடாக ஆக மோசமாத்தான் ஆகும். சூட்டுல தேறுதுன்னா எங்கயோ பழைய கிரீஸ் இறுகிக் கெடக்கு, சூடு பட்டு இளகுது. அது மேல புது எண்ணெய் விட்டா ரெண்டு நாளைக்கு நல்லாத்தான் ஓடும். அப்புறம் கரைஞ்ச பிசின் ஒழுகி ரப்பர் மேலயும் பிளேட்டர் விளிம்புலயும் ஏறும், வழுக்க ஆரம்பிக்கும். அதனால வேலை எண்ணெய் விடுறது இல்ல, இருக்குறதை எடுக்குறது.

படத்தைப் பார்த்தா கராடு எஸ்பி25 குடும்பம் மாதிரி தெரியுது. வேற மாடலா இருந்தாலும் பிரிக்கிற வரிசை பெருசா மாறாது.

பிளக்கைப் புடுங்கிட்டு, ஆர்மை அதோட தாங்கியில கட்டிடுங்க. ரப்பர் மேட்டை எடுத்தா நடுத்தண்டு அடியில சி வடிவத்துல ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். மெல்லிய திருப்புளியால தள்ளும்போது இன்னொரு கையால மூடிக்கோங்க. அது பறந்து கட்டிலுக்கு அடியில போனா தேடியே பொழுது போயிடும். பிளேட்டரை ரெண்டு கையாலயும் நேரா மேல தூக்குங்க. வரலைன்னா லேசா ஆட்டி ஆட்டி எடுங்க, ஓரத்துல திருப்புளி விட்டு நெம்பாதீங்க, விளிம்பு கோணிடும். அடியில குட்டி பால் ரேஸ் (குண்டு பேரிங்) ஒண்ணு, மேலயும் கீழயும் வாஷர். எது மேல, எது கீழன்னு படம் எடுத்த பிறகு கழட்டுங்க.

இப்போ எதையும் கழுவுறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. முதல்ல ரப்பர் சக்கரத்தைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நிமிஷம் ஓட்டி, பிளக்கை எடுங்க. நல்ல மோட்டார் பத்து செகண்டாவது ஓடிட்டு மெதுவா நிக்கும். ரெண்டு மூணு செகண்டுல டப்புனு நின்னா புஷ் (தண்டைத் தாங்குற வளையம்) காஞ்சிருக்கு. அடுத்து, சக்கரம் இல்லாமயே பிளேட்டரை மாட்டிக் கையால சுத்திவிடுங்க. சத்தமில்லாம நெடுநேரம் சுத்தணும். கரகரன்னாலோ சீக்கிரம் நின்னாலோ பால் ரேஸ்ல பிசின். ரெண்டுமே நல்லா இருந்து மாட்டினதும் மட்டும் ஸ்லோ ஆச்சுன்னா பழி ரப்பர் மேல. இந்தச் சோதனையைத் தாண்டிப்போய் எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிரிச்சா எது சரியாச்சு, எது ஆகலைன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

மோட்டார். மேல்கூடு, கீழ்கூடு ரெண்டும் நீள ஸ்க்ரூவால சேர்ந்திருக்கும். பிரிக்கிறதுக்கு முன்னாடி கூடுங்க மேலயும் நடுவுல இருக்குற தகடு அடுக்கு மேலயும் ஒரே நேர்கோட்டுல ஆணியால கீறிடுங்க. திருப்பி மாட்டும்போது இது ஒத்துவரணும், இல்லேன்னா ரோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தவும் வாய்ப்பு இருக்கு. தண்டைத் துடைச்சு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால கழுவுங்க. வெண்கல புஷ் ரெண்டும் நுண்துளை வகை, எண்ணெயை உள்ளுக்குள்ள வெச்சிருக்கும். அதைக் கூட்டுலேர்ந்து கழட்ட வராது, கழட்டவும் கூடாது. சுத்தியிருக்குற ஃபெல்ட் வளையத்துல நல்ல மெஷின் ஆயில் ஊற விட்டு, புஷ் ஓட்டையில ரெண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைங்க. நீங்க கேட்ட தையல் மெஷின் ஆயிலுக்கு உள்ள இடம் இது மட்டும்தான். தேங்காய் எண்ணெய் வேணாம், காலப்போக்குல பிசுபிசுன்னு ஆயிடும். வண்டி இன்ஜின் ஆயிலும் வேணாம்.

திருப்பி மாட்டினதும் ரோட்டார் இறுகி நின்னா பயப்படாதீங்க. இந்த புஷ்ஷுங்க கூட்டுக்குள்ள கொஞ்சம் அசையுற மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூவை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கிட்டே, கூட்டோட பக்கவாட்டுல திருப்புளிக் கைப்பிடியால மெல்லத் தட்டிக்கிட்டே தண்டை விரலால சுத்துங்க. ஒரு கட்டத்துல புஷ் நேராகி டக்குனு லேசாகும். விரல்ல அது நல்லாவே தெரியும்.

இப்போ ஆர்மைத் திருப்புற அமைப்பு. பிளேட்டருக்கு அடியில பெரிய கியர் சக்கரம் ஒண்ணு இருக்குல்ல, அது அச்சுலயும், அதோட சேர்ந்த லீவர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சறுக்குற இடத்துலயும் மஞ்சளா இறுகின கிரீஸ் இருக்கும். பிளேட்டர் நின்னுபோறதுக்குக் காரணம் இதுதான். மோட்டாருக்கு இந்த இறுக்கத்தை இழுக்குற தெம்பு கிடையாது. பெயிண்ட் கடையில டர்பன்டைன் வாங்கி, பழைய டூத் பிரஷ்ஷால ஊற வெச்சுக் கழுவுங்க. அப்புறம் ஆல்கஹாலால துடைச்சா எண்ணெய்ப் படலம் போயிடும். பெயிண்ட் தின்னர் எடுக்காதீங்க, பிளாஸ்டிக் கியரைத் தின்னுடும். ஆல்கஹால் நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைங்கள்ல 99 சதவீதமாவே கேட்டு வாங்குங்க. மெடிக்கல்ல கிடைக்குறது 70, அதுல தண்ணி அதிகம்.

கழுவினதும் உலோகத்து மேல உலோகம் சறுக்குற இடத்துல வெள்ளை லித்தியம் கிரீஸ், பல்குச்சி நுனியில எடுக்குற அளவு. அதுக்கு மேல வேணாம்.

பெரிய கியர் மேல ரெண்டு இத்துனூண்டு தகடு, ஒண்ணை ஒண்ணு உரசுற மாதிரி இருக்கும். ஆர்ம் கடைசிப் பள்ளத்துல வேகமா உள்ள ஓடுறதைக் கண்டுபிடிச்சு, திரும்புற வேலையை ஆரம்பிச்சு வைக்கிறது அதுங்கதான். அங்க கிரீஸும் கூடாது, எண்ணெயும் கூடாது. காஞ்சே இருக்கணும். ஒரு சொட்டு பட்டாக்கூட தகடுங்க ஒட்டிக்கிட்டு பாட்டு நடுவுலயே ஆர்ம் எழும்பிடும், இல்லேன்னா முடிஞ்சாலும் எழும்பாது. 'ஆட்டோ ரிட்டர்ன் வேலை செய்யல'ன்னு வர்ற செட்டுல பெரும்பாலும் யாரோ இங்க அன்பா எண்ணெய் விட்டிருப்பாங்க.


கொருக்குப்பேட்டை_லேத்:

டெக் அண்ணன் சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ரப்பரைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அந்த 'டக் டக்'கை எண்ணிப் பாருங்க. பிளேட்டர் ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவைன்னா தட்டுலயோ (ரெக்கார்டு) பிளேட்டர்லயோ கோளாறு. நாலஞ்சு தடவைன்னா ரப்பர் சக்கரம். செட்டை ஸ்பீடுல போட்டபடியே கரெண்டை மட்டும் நிறுத்திட்டு வருஷக்கணக்கா விட்டா, மோட்டார் தண்டு மேல இருக்குற புல்லி அழுத்தின இடத்துல ரப்பர் பள்ளமாயிடும். அதனாலதான் வேலை முடிஞ்சதும் செட்டோட சுவிட்ச்சுலயே ஆஃப் பண்ணணும், சுவத்து சுவிட்ச்சுல இல்ல. ஆஃப்ல போட்டாத்தான் சக்கரம் விலகி நிக்கும்.

பள்ளம் லேசா இருந்தா தேய்ச்சு எடுத்துடலாம். சக்கரத்தோட அச்சுக்கு ஒத்த போல்ட்டுல மாட்டி, டிரில் மெஷின்ல மெதுவா சுத்தவிட்டு, தட்டையான மரக்கட்டையில ஒட்டின 400 நம்பர் உப்புத்தாளைத் தொட்டும் தொடாம வைங்க. பளபளப்புப் போய் மங்கலான கறுப்பு வந்ததும் நிறுத்திடணும். ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க, துணியில கறுப்பு வர்றது நின்னா போதும். அதுக்கப்புறம் விரல் படக் கூடாது. கையில இருக்குற எண்ணெயே வழுக்குறதுக்குப் போதும்.

'தேய்ச்சா சக்கரம் சின்னதாயிடுமே, ஸ்பீடு மாறாதா'ன்னு எல்லாரும் கேப்பாங்க. மாறாது. ஸ்பீடைத் தீர்மானிக்கிறது புல்லியோட விட்டமும் பிளேட்டர் உள்விளிம்போட விட்டமும்தான். நடுவுல இருக்குற சக்கரம் எவ்வளவு பெருசுன்னாலும் ஒரு பக்கம் வாங்குற வேகத்தை அப்படியே இன்னொரு பக்கம் குடுத்துடும். மாறுறது புல்லியில அழுக்கு படிஞ்சாத்தான். புல்லியில ஒவ்வொரு ஸ்பீடுக்கும் ஒரு படி இருக்கும், 33க்கான படி 6 மில்லி விட்டம்னு வெச்சுக்கோங்க. சுத்திலும் 0.03 மில்லி கனத்துக்கு ரப்பர் தூள் அப்பியிருந்தா விட்டம் 0.06 கூடும், ஸ்பீடு ஒரு சதவீதம் ஏறிடும். அதனால புல்லியை ஆல்கஹால் மட்டும் வெச்சுத் துடைங்க. உப்புத்தாள் அங்க ஆகவே ஆகாது, ஒரு தடவை தேய்ச்சுட்டா திரும்ப வராது.

விண்டர்கிரீன் ஆயில் தடவினா ரப்பர் புதுசாயிடும்னு நிறையப் பேர் எழுதுறாங்க. மெதுவாகும், உண்மைதான். ஆனா சேர்ந்தே உப்பும், ஒரே சீரா உப்பாது. பிரிண்டர் ரோலருக்குச் சரி, ஐட்லருக்கு நான் ஒத்துக்க மாட்டேன். விரல் நகத்தால அழுத்தினா குழி விழாத அளவுக்கு ரப்பர் கெட்டியாயிருந்தாலோ, வெடிப்பு தெரிஞ்சாலோ மாத்துறதுதான் வழி. பழைய ரப்பரைச் சீவி எடுத்துட்டு நைட்ரைல் ரப்பர் ஒட்டி, அதே அச்சுல மாட்டி லேத்துல கிரைண்டு பண்ணணும். ஒட்டினவுடனே கத்தி வைக்காதீங்க, ரப்பர் விலகிக் கொடுத்து முட்டை வடிவத்துல வந்துடும். கிரைண்டிங் கல்லுதான் சரி. பழைய கனம் எவ்வளவோ அவ்வளவேதான் இருக்கணும். அகலமாயிட்டா புல்லியோட ரெண்டு படியை ஒரே நேரத்துல தொட்டு சண்டை போடும். நம்ம ஏரியா பட்டறைங்கள்ல இந்த மாதிரி ஒத்தை வேலையைச் சாயங்காலம் மெஷின் சும்மா இருக்குற நேரத்துல கேட்டா செஞ்சு குடுப்பாங்க. காலையில போனா மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டாங்க.

சர்க்ளிப், ஃபைபர் வாஷர் எல்லாம் லிங்கிச் செட்டித் தெருவுல. கழட்டினதைக் கையோட எடுத்துட்டுப் போங்க. சைஸைக் கேட்டா வாயில சொல்ல முடியாது.


பாரிமுனை_ஆம்ப்:

கரெண்டு சமாச்சாரம்.

ஆஃப்லயும் உறுமுதுன்னா சுவிட்ச்சுக்குக் குறுக்கே இருக்குற பொறி அடக்கும் கெப்பாசிட்டர் லீக். இது மற்றதை விட அவசரம், முதல்ல இதைப் பாருங்க. வழக்கமா 0.01 மைக்ரோ ஃபாரட் இருக்கும், மேல எழுதியிருக்குற மதிப்பைப் பார்த்து அதையே போடுங்க. நல்ல 0.01 வழியா 230 வோல்ட்ல ஒரு மில்லி ஆம்பியர்கூடப் போகாது, மோட்டார் அசையவே அசையாது. பழைய மெழுகுக் காகித வகைக்கு வயசானா உள்ள கசியும், ஒரு நாள் ஷார்ட்டும் ஆகும். மாத்துறது எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி இல்ல அதுக்கு மேல. '400 வோல்ட் இருக்கே'ன்னு சாதாரண டிசி கெப்பாசிட்டரைப் போட்டுடாதீங்க. எக்ஸ்2ங்கறது மெயின்ஸ்லயே நாள் முழுக்க இருக்கறதுக்குன்னு செஞ்சது. ரிச்சி தெருவுல சில ரூபாய் சாமான்.

மெயின்ஸ் வயரை யோசிக்காம வெட்டி எறிங்க. பழைய ரப்பர் இன்சுலேஷன் வளைச்சா உதிரும். 0.75 சதுர மில்லி மூணு கோர் வயர், உள்ள நுழையுற இடத்துல கிரிப், பச்சை வயர் உலோகச் சட்டத்துல நல்லாச் சுரண்டின இடத்துல. உப்புக் காத்து ஏரியாவுல எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில நட்சத்திர வாஷர் போடுங்க, இல்லேன்னா துரு ஏறி எர்த் பேருக்குத்தான் இருக்கும். நாளைக்கு ஹம் (ஸ்பீக்கர்ல உறுமல்) வந்தா யாராவது 'எர்த்தைக் கழட்டிப் பாரு'ன்னு சொல்வாங்க. கேட்காதீங்க.

வோல்டேஜையும் ஒரு தடவை அளந்துடுங்க. இண்டக்ஷன் மோட்டார் ஸ்பீடு முக்கியமா ஹெர்ட்ஸைப் பொறுத்ததுதான், ஆனா வோல்டேஜ் இறங்கினா மோட்டார் பின்தங்குறது (ஸ்லிப்) கூடும். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ஏசி போட்ட நேரத்துல ஸ்பீடு பார்த்துட்டு மெக்கானிசத்தைத் திட்டக் கூடாது.

(பர்மா பஜார்ல கப்பல் வழியா வந்த செட்டுன்னு வாங்கினவங்க யாராவது இதைப் படிச்சா: 60 ஹெர்ட்ஸ் புல்லி இருந்தா இங்க 33க்குப் பதிலா 27.8தான் வரும். எவ்வளவு கழுவினாலும் ஏறாது, புல்லியைத்தான் மாத்தணும். ஜப்பான் செட்டுன்னா 100 வோல்ட், நேரா செருகிடாதீங்க.)

கார்ட்ரிட்ஜ். திருப்பிப் போடுற அந்தப் பழைய பிக்கப் கிரிஸ்டல் வகையா இருந்தா ஆசையை விட்டுடுங்க. அதுக்குள்ள இருக்குறது ரோஷெல் உப்பு, ஈரம் பட்டா கரையும். தண்டையார்பேட்டைக் காத்துல அது இவ்வளவு நாள் தாங்கியிருந்தாத்தான் அதிசயம். செராமிக் வகைன்னா உயிரோட இருக்கலாம், அதுக்கு முன்னாடி ஹெட்ஷெல் (ஆர்ம் முனையில கார்ட்ரிட்ஜ் மாட்டுற கூடு) காண்டாக்ட்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. பென்சில் அழிரப்பரால தேய்ச்சு ஆல்கஹாலால துடைச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

புதுசு போடறதுன்னா ஆடியோ டெக்னிகா ஏடி3600எல். 3.5 கிராம் எடையில ஓடுறது, கூம்பு ஊசி. விலை அதிகமா இருக்குற, 1.5 கிராம்ல ஓடுற ஊசியெல்லாம் இந்த ஆர்முக்கு ஒத்துவராது. ஆர்ம் கடைசியில திரும்புற வேலையை ஆரம்பிச்சு வைக்கிற டிரிப் லீவரைத் தள்ளிக்கிட்டுப் போகணும், லேசா உட்கார்ந்த ஊசி பள்ளத்துலேர்ந்து எகிறிடும். வயர் நிறம்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கார்ட்ரிட்ஜ் கம்பியில நேரா சால்டர் வைக்காதீங்க, உள்ள இருக்குற காயில் வெந்துடும். குட்டிக் குழாய் டேக்குல சால்டர் வெச்சு ஆறவிட்டு அப்புறம் செருகுங்க.

இது காந்த வகை, வர்றது சில மில்லி வோல்ட்தான். உங்க ஆக்ஸ்ல நேரா குடுத்தா கொசு முனகுற அளவுக்குத்தான் கேக்கும், பாஸும் இருக்காது. நடுவுல 47 கிலோ ஓம் உள்ளீடு உள்ள ஆர்ஐஏஏ (எல்பிக்கான டோன் சமன்) ஃபோனோ பிரீஆம்ப் ஒண்ணு வேணும். ஆர்மோட எர்த் வயர் தனியா பிரீஆம்ப்போட தரை ஸ்க்ரூவுக்குப் போகட்டும்.


தண்டையார்பேட்டை_33:

ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். சொன்ன வரிசையில செஞ்சேன். கெப்பாசிட்டர், வயர் மாத்தியாச்சு, உறுமல் போச்சு. பால் ரேஸ், பெரிய கியர் ரெண்டுலயும் மஞ்சப் பிசின் அப்படியே இருந்துச்சு, கழுவியாச்சு. ஆர்ம் இப்போ தானா திரும்புது. ரப்பர் நகத்துக்குக் குழி விழுந்துச்சு, அதனால தேய்க்க மட்டும் செஞ்சேன். டக் டக் கிட்டத்தட்ட இல்ல.

ஏடி3600எல், பிரீஆம்ப் மாட்டிட்டேன். மிச்சம் மூணு: ஆப்ல 33.3, 33.5ன்னு மாறி மாறிக் காட்டுது, எதை நம்புறது? ஆர்ம் உள்ள போகப் போக ஹம் கூடுது. 78 ஸ்பீடுல 76.5 தாண்ட மாட்டேங்குது, 78 தட்டு போட்டா சத்தம் கரகரன்னு இருக்கு.


பெரம்பூர்_ஷெல்லாக்:

தம்பி, வேகத்துக்கு மொபைலை நம்ப வேண்டாம். அதன் எடையே பிளேட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. ஸ்ட்ரோப் வட்டு ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் விளக்கு ஒரு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. அந்தக் கணக்கில் 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள், 45க்கு 133, 78க்கு 77. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரியும். 33இல் விநாடிக்கு ஒரு கோடு பின்னால் நழுவினால் ஒரு சதவீதம் குறைவு என்று பொருள். எல்இடி பல்பில் இது பெரும்பாலும் தெரியாது, பலவற்றில் துடிப்பே இருக்காது. குண்டு பல்பு, பழைய சோக் வைத்த டியூப்லைட், நியான் டெஸ்டரின் சிவப்பு வெளிச்சம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஊசியைத் தட்டில் வைத்து, பாட்டு ஓடும்போதே பாருங்கள். வெறும் பிளேட்டரில் பார்ப்பது வீண்.

வட்டு அச்சிடச் சோம்பலாக இருந்தால் தட்டின் லேபிளில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி 100 சுற்று எண்ணுங்கள். 33⅓ என்றால் அது சரியாக 180 விநாடி. நீங்கள் முதலில் சொன்ன 31.6இல் 190 விநாடி ஆகியிருக்கும். பாடகரின் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கியிருக்கும், தம்புராவோடு பழகிய காதுக்கு ஆப்பே தேவையில்லை. ஐட்லர் இயந்திரத்தில் அரை சதவீதம் இப்படி அப்படி இருந்தால் விட்டுவிடலாம்.

ஹம்: தட்டு போடாமல், ஆர்மைக் கையில் பிடித்து ஊசி எதையும் தொடாதபடி வெளியிலிருந்து உள்ளே நகர்த்துங்கள். மோட்டார் ஓடும்போது ஒரு முறை, ஓடாதபோது ஒரு முறை. இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் எர்த் இணைப்பைத் தேடுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும், உள்ளே போகப் போகக் கூடினால் அது மோட்டாரின் காந்தப்புலம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான். இந்த வகை இயந்திரங்கள் பலவும் செராமிக் பிக்கப் காலத்தவை, அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு மூன்று மில்லி கனமான மேட் போட்டுத் தட்டை உயர்த்தினால் ஓரளவு குறையும். கனத்தைக் கூட்டினால் பிக்கப்பும் அண்ணாந்து நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்மின் பின்பக்க எடைக்கு (கவுண்டர் வெயிட்) பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, சின்ன டிஜிட்டல் தராசில் 3.5 கிராம் வந்திருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

இனி 78. வேகம் குறைவதற்குக் காரணம், புல்லியின் மிகப் பெரிய படியில் மோட்டாருக்குச் சுமை அதிகம். 33இல் தெரியாத சிறு வழுக்கலும் இழுப்பும் இங்கே வெளியே வரும். பிளேட்டரின் உள்விளிம்பை இன்னொரு முறை ஆல்கஹாலால் துடையுங்கள், சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்க வேண்டாம், அழுத்தம் கூடினால் மோட்டாரின் அதிர்வு முழுவதும் பிளேட்டருக்கு ஏறி உறுமலாகக் கேட்கும். 77 கோட்டு வட்டு காட்டுவது 77.92, அதற்கு வந்தால் போதும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 92 கோடு, 78.26.

கரகரப்புக்குக் காரணம் ஊசி. எல்பி ஊசியின் முனை ஆரம் 0.7 மில் அளவு (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78இன் பள்ளம் அகலமானது, அதற்கு 3 மில் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் இருக்கும் தூசியில் உருண்டுகொண்டு போகிறது, சுவரைத் தொடுவதில்லை. உங்கள் ஏடி3600எல் பாடிக்கே 78க்கான 3 மில் ஊசி தனியாகக் கிடைக்கிறது, பழையதை முன்பக்கமாக இழுத்துவிட்டு இதைச் செருகலாம். அந்த ஊசியோடு எல்பியைப் போட்டுவிடாதீர்கள், தட்டு பாழ். 78 எல்லாம் மோனோ என்பதால் இடது வலது இரண்டையும் சேர்த்துவிட்டால் இரைச்சலில் ஒரு பகுதி தானே அடங்கும். ஆர்ஐஏஏ பழைய 78களுக்குச் சரியாகப் பொருந்தாது, டோன் குமிழைக் கொஞ்சம் திருகிக் காதுக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டில் இப்போது 99 சதவீத ஆல்கஹால் பாட்டில் இருக்கிறது. அது 78 தட்டின் பக்கமே போகக் கூடாது. அவை ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஓடியனோ கொலம்பியாவோ, எந்த லேபிளாக இருந்தாலும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், லேபிளில் ஈரம் படாமல் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்திவிட வேண்டும்.


கொருக்குப்பேட்டை_லேத்:

ஐயா சொன்ன ஸ்பிரிங்கோட சேர்த்து, சக்கரத்தோட குட்டி அச்சையும் பாருங்க தண்டையார்பேட்டை. அங்கயும் பழைய பிசின் இருந்தா 78லதான் முதல்ல தெரியும். கழுவிட்டு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் ஊசி முனையில எடுத்து. அடியில ஃபைபர் வாஷர் இருக்கணும், அதை மாட்ட மறந்தா சக்கரம் கொஞ்சம் இறங்கிப் படியோட ஓரத்துல ஏறும். மோட்டார் தொங்குற ரப்பர் குரோமெட் மூணும் கல்லா இருந்தா அதையும் மாத்திடுங்க, உறுமல்ல பாதி அதுலேர்ந்துதான் வரும். பழசை எடுத்துட்டுப் போய் அதே ஓட்டை சைஸுல, கிள்ளினா நசுங்குற அளவு மெத்துன்னு இருக்குறதா பார்த்து வாங்குங்க.


தண்டையார்பேட்டை_33:

வாஷர் இருக்குண்ணே, ஆனா அச்சுல பிசின் இருந்துச்சு. கழுவினதும் டியூப்லைட்டுக்குக் கீழ 77 கோடும் நிக்குது. குரோமெட் மூணும் கல்லுதான், சனிக்கிழமை லிங்கிச் செட்டித் தெரு போறேன். 3 மில் ஊசி ஆர்டர் போட்டாச்சு.